கைப்பைக்குள் துழாவிய கை... மன்னிக்க முடியாமல் தவித்த கோரி டென் பூம் கண்டுகொண்ட வழி!

1947-ம் ஆண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு தேவாலயம். இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இடிந்த கட்டடங்கள் பல அப்படியே கிடந்தன. தோற்றுப்போன அந்த நாட்டு மக்களிடம் பேசுவதற்காக நெதர்லாந்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். 55 வயதை எட்டியிருந்த அவர் பெயர் கோரி டென் பூம்.

அன்று அவர் பேசியது இறைவனின் மன்னிப்பைப் பற்றி. மனம் திரும்புகிறவர்களின் பாவங்களை இறைவன் ஆழ்கடலில் எறிந்துவிடுகிறார் என்கிறது விவிலியத்தில் மீகா தீர்க்கதரிசியின் புத்தகம். கடலோடு போராடியே வாழ்ந்து பழகிய டச்சுக்காரர்களுக்கு இந்த உருவகம் மிகவும் பிடிக்கும். கோரி அதைத்தான் எடுத்துச் சொன்னார்.

கூட்டம் முடிந்தது. மக்கள் சத்தமில்லாமல் எழுந்து கலைந்தார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்திசையில், கோரியை நோக்கி நடந்து வந்தார். சாம்பல் நிற மேல்கோட்டு, கையில் தொப்பி. பார்த்த மாத்திரத்தில் கோரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோட்டும் தொப்பியும் மறைந்து சீருடையும் இடுப்பில் தொங்கும் சவுக்கும் கண்முன் வந்து நின்றன. கோரியும் அவர் அக்காவும் அடைக்கப்பட்டிருந்த ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமின் காவலர்களில் அவர் ஒருவர்.

ஆயிரமாயிரம் கைதிகளைப் பார்த்திருந்த அவருக்கு கோரியை அடையாளம் தெரியவில்லை. உரையில் ராவன்ஸ்ப்ரூக் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து வந்திருந்தார். தான் அங்கே காவலராக இருந்ததாகவும், பிறகு கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார். தன் கொடுமைகளை இறைவன் மன்னித்துவிட்டார் என்று நம்புவதாகவும், ஆனாலும் அங்கே கைதியாக இருந்த ஒருவரின் வாயால் அதைக் கேட்க விரும்புவதாகவும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை மன்னிப்பைப் பற்றிப் பேசிய கோரி, நீட்டிய அந்தக் கையைப் பற்றவில்லை. எதையோ தேடுவதுபோலத் தன் கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.

கடிகாரக் கடையின் மேல்மாடி

அந்தக் கை ஏன் நீளவில்லை என்பது புரிய வேண்டுமானால், ஹார்லெம் நகரின் ஒரு கடிகாரக் கடைக்குப் போக வேண்டும்.

1837-ல் கோரியின் தாத்தா தொடங்கிய கடை அது. கீழே கடை, மேலே வீடு. அப்பா காஸ்பர் ஊரெல்லாம் மதிக்கும் கடிகாரப் பழுதுபார்ப்பாளர். அவரிடமே தொழில் கற்ற கோரி, நெதர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்கான உரிமம் பெற்ற முதல் பெண். அக்கா பெட்சி வீட்டைக் கவனித்துக்கொண்டார். இரண்டு சகோதரிகளுக்கும் திருமணம் ஆகவில்லை. காலையும் மாலையும் விவிலியம் வாசித்துப் பிரார்த்தனை செய்வது அந்த வீட்டின் வழக்கம்.

1940-ல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. யூதர்களைத் தேடிப் பிடித்து ரயிலேற்றத் தொடங்கினார்கள். உயிருக்குப் பயந்து கதவைத் தட்டியவர்களை டென் பூம் குடும்பம் திருப்பி அனுப்பவில்லை. மேல்மாடியில் கோரியின் படுக்கையறையில் ஒரு போலிச் சுவர் எழுப்பப்பட்டது. துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னே நகரும் பலகை. அதன் வழியாகத் தவழ்ந்து போனால், ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. அவ்வளவுதான் மறைவிடம்.

1944 பிப்ரவரி 28. யாரோ காட்டிக்கொடுத்ததால் ரகசிய போலீஸ் வீட்டுக்குள் புகுந்தது. குடும்பத்தினரும் வந்துபோனவர்களுமாக சுமார் 30 பேர் பிடிபட்டார்கள். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆறு பேர் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை. 84 வயது காஸ்பர், கைதான பத்தே நாளில் சிறைவாசத்தில் இறந்துபோனார். சகோதரிகள் ஒவ்வொரு சிறையாக மாற்றப்பட்டு, இறுதியில் பெர்லினுக்கு வடக்கே இருந்த பெண்கள் வதைமுகாமான ராவன்ஸ்ப்ரூக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1944 டிசம்பர் 16-ல் பெட்சி அங்கேயே உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில் கோரி விடுவிக்கப்பட்டார். அலுவலகத்தில் நடந்த ஒரு எழுத்துப் பிழையால்தான் அந்த விடுதலை கிடைத்தது என்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது.

அக்காவைப் பலிகொண்ட முகாமின் காவலர்தான் மியூனிக்கில் கை நீட்டி நின்றவர்.

பெட்சி யாருக்காக வேண்டிக்கொண்டார்?

கோரியின் கசப்பு அந்தக் காவலரிடம் தொடங்கியதல்ல. அதற்கு முன்பே, நெதர்லாந்தின் வுக்ட் முகாமில் இருந்தபோதே அது உள்ளே நுழைந்துவிட்டது. தங்களைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பது அங்கேதான் அவருக்குத் தெரியவந்தது. சொந்த நாட்டுக்காரர். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து கோரிக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பாவின் கடைசி நாள்கள் கண்முன் வந்தன. உடம்பெல்லாம் வலித்தது. அந்த மனிதர் எதிரே வந்தால் கொன்றுவிடலாம் என்றிருந்தது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

பெட்சியோ எப்போதும்போல இருந்தார். கோரியால் பொறுக்க முடியவில்லை. ‘அந்த ஆள்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா?’ என்று கேட்டுவிட்டார்.

அவர் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவருக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்றார் பெட்சி. இப்படியொரு காரியத்தைச் செய்துவிட்டு அவர் எவ்வளவு வேதனையில் இருப்பாரோ என்பதுதான் பெட்சியின் கவலை.

அந்த இரவு கோரி வெகுநேரம் தூங்கவில்லை. கொலை செய்கிறவர் மட்டுமல்ல, சகோதரர்மேல் பகை வைத்திருக்கிறவரும் நியாயத் தீர்ப்புக்கு உரியவரே என்பது இயேசுவின் மலைப்பொழிவில் வரும் போதனை. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், காட்டிக்கொடுத்தவரும் தானும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக கோரிக்குத் தோன்றியது. இருட்டில், நெருக்கியடித்த படுக்கையில், இரண்டு காரியங்களைச் செய்தார். அந்த மனிதரை மன்னித்தார். தன்னை மன்னிக்கும்படி இறைவனிடம் கேட்டார். பெயர் தெரியவந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

போர் முடிந்ததும், குற்றம் நிரூபிக்கப்பட்டு மரண தண்டனைக்குக் காத்திருந்த அந்த மனிதருக்குத் தான் மன்னித்துவிட்டதாகக் கடிதமும் எழுதினார் கோரி.

மன்னிப்பதும் மன்னிக்கப்படுவதும் அந்த ஓர் இரவில் சேர்ந்தே நடந்தன. கிறிஸ்தவ நம்பிக்கையில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பரமண்டல ஜெபத்தில் எங்களை மன்னியும் என்ற வேண்டுதலோடு, நாங்களும் பிறரை மன்னிக்கிறோம் என்ற வாக்குமூலமும் ஒரே மூச்சில் வருவது அதனால்தான்.

ஆறு கோடி நாள் கூலி

இதற்கு இயேசு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 18-வது அதிகாரத்தில் வருகிறது அது. ஒருவரை எத்தனை தடவை மன்னிக்கலாம், ஏழு தடவை போதுமா என்று கேட்கிறார் சீடர் பேதுரு. ஏழு அல்ல, ஏழு எழுபது என்கிறார் இயேசு. எண்ணிக்கொண்டிருக்காதே என்று பொருள். தொடர்ந்து ஒரு கதை சொல்கிறார்.

ஓர் அரசருக்கு ஓர் ஊழியர் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தார். கட்ட வழியில்லை. காலில் விழுந்து கெஞ்சினார். அரசர் மனமிரங்கி மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்தார். வெளியே வந்த அதே ஊழியர், தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டிய சக ஊழியரைப் பார்த்தார். கழுத்தைப் பிடித்து நெரித்தார். சிறையில் தள்ளினார். செய்தி அரசருக்குப் போனது. தள்ளுபடி ரத்தானது.

இந்தத் தொகைகளின் மதிப்பு தெரிந்தால்தான் கதையின் கூர்மை புரியும். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்காசு என்பது ஒரு கூலித் தொழிலாளியின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிக்காசு. அப்படியானால் 10,000 தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தாலும் அடைக்க 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தக் கடன்தான் போய்விட்டது.

அதேசமயம், 100 வெள்ளிக்காசையும் இயேசு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவில்லை. அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. கிறிஸ்தவம் ‘உனக்கு நடந்தது பெரிய விஷயமே இல்லை, விட்டுவிடு’ என்று சொல்வதில்லை. நடந்தது பெரியதுதான். ஆனால், உனக்குத் தள்ளுபடியானது அதைவிட ஆறு லட்சம் மடங்கு என்கிறது. மன்னிக்கச் சொல்வது, ஏற்கெனவே மன்னிப்பைப் பெற்றவரிடம். சொந்த நல்ல குணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. கிடைத்ததிலிருந்து கொடுக்கச் சொல்கிறது.

உணர்வு வரும்வரை காத்திருக்கவில்லை

மியூனிக்கில் கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்ற கோரிக்கு இந்தப் போதனையெல்லாம் தெரியும். மனப்பாடமாகவே தெரியும். தெரிந்தும் மனம் பனிக்கட்டிபோல் இருந்தது.

போர் முடிந்ததும் நெதர்லாந்தின் ப்ளூமெண்டாலில், முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்காக ஓர் இல்லம் நடத்தினார் கோரி. பெட்சி சாகுமுன் கண்ட கனவு அது. அங்கே அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். பழைய பகைவர்களை மன்னிக்க முடிந்தவர்கள், உடலில் எவ்வளவு காயம் இருந்தாலும் மெல்ல மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். கசப்பை வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் முடங்கியே கிடந்தார்கள். இதையும் அவர் அறிவார். அப்போதும் கை எழவில்லை.

கடைசியில் அவர் செய்தது மிகச் சிறிய காரியம். இயேசுவிடம் மனதுக்குள் உதவி கேட்டார். கையைத் தூக்குவது மட்டும் தன்னால் முடியும், மனதில் வரவேண்டியதை அவர்தான் தரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பிறகு, இயந்திரம்போல, எந்த உணர்வும் இல்லாமல் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பற்றியபோது, தோளிலிருந்து விரல்வரை ஒரு வெதுவெதுப்பு ஓடியதாகவும், கண்கள் நிறைந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் எழுதினார். முழு மனதோடு மன்னிப்பதாக அவரிடம் சொல்ல முடிந்தது. அது தன்னுடைய அன்பு அல்ல, தனக்கு அந்த சக்தி கிடையாது என்பதில் கோரி தெளிவாக இருந்தார். மன்னிப்பு என்பது உணர்ச்சி அல்ல, மனம் எடுக்கும் முடிவு என்பதே அவர் கண்டுகொண்ட வழி. முடிவு முதலில் வரும். மனம் பின்னால் வந்துசேரும்.

பத்திரமாக வைத்திருந்த கடிதங்கள்

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு மகானின் கதை. ஆனால், கோரி மறைக்காமல் சொன்ன மிச்சம்தான் சாதாரண மனிதர்களுக்கு அதிகம் உதவுகிறது.

வதைமுகாமின் காவலரை மன்னிக்க முடிந்த அவருக்கு, தன்னோடு ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்ட நண்பர்கள் செய்த துரோகத்தை மறக்க முடியவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்வார். நள்ளிரவில் விழிப்பு வந்தால் பழைய கணக்கு மறுபடி ஓடும். தூக்கம் போய்விடும்.

ஒரு லூத்தரன் போதகர்தான் அவருக்கு ஆலயமணியை உதாரணம் காட்டினார். கயிற்றை இழுக்கும்வரை மணி அடிக்கும். கயிற்றை விட்டுவிட்டாலும் உடனே நின்றுவிடாது. இன்னும் சில தடவை ஒலிக்கும். ஒவ்வொரு தடவையும் சத்தம் குறையும். பிறகு தானாக நிற்கும். மன்னித்த பிறகும் பழைய கோபம் எட்டிப்பார்த்தால் அதற்காகக் கலங்க வேண்டாம், மறுபடி போய்க் கயிற்றைப் பிடிக்காமல் இருந்தால் போதும் என்றார் அவர்.

அந்தக் கயிறு எது என்பதும் ஒருநாள் தெரிந்தது. அந்த நண்பர்களைப் பற்றி வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தப்பே செய்யவில்லை என்று மறுப்பதாகச் சொன்னார் கோரி. ஆனால் அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆதாரமாகத் தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. தன் பாவங்களை இறைவன் கடலில் எறிந்துவிட்டார் என்று ஊர் ஊராகப் பேசுகிறவர், அடுத்தவர் பாவத்துக்கு மட்டும் கோப்பு வைத்துப் பராமரித்துக்கொண்டிருக்கிறார்! அன்றே அந்தக் கடிதங்கள் நெருப்புக்குப் போயின.

இன்று அந்தக் கடிதங்களின் இடத்தில் வேறு இருக்கின்றன. அழிக்காமல் வைத்திருக்கும் வாட்ஸ்அப் உரையாடல், எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், சண்டை வரும்போதெல்லாம் தேதியோடு வெளியே வரும் பழைய பேச்சு. கயிறு வேறு, மணி ஒன்றுதான்.

இரண்டு கரிநெருப்புகள்

பிறரை மன்னித்துவிட்டுத் தன்னை மட்டும் தண்டித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இறைவன் எல்லோரையும் மன்னிப்பார், என்னை மட்டும் மன்னிக்க மாட்டார் என்ற நினைப்பு பணிவு மாதிரி தெரியும். ஆனால், 10,000 தாலந்து தள்ளுபடியான பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பது போன்றது அது.

விவிலியம் இதற்கு முன்வைப்பது பேதுருவைத்தான். எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று கணக்குக் கேட்ட அதே பேதுரு. இயேசு கைதான இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் மூட்டியிருந்த கரிநெருப்பில் குளிர்காய்ந்தவர்களோடு நின்றுகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தார். பிறகு மனங்கசந்து அழுதார்.

அதே இரவில் இன்னொருவரும் தவறினார். காட்டிக்கொடுத்த யூதாஸ். அவரும் வருந்தினார். 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் குற்றத்தை வாய்விட்டும் சொன்னார். ஆனால் இயேசுவிடம் திரும்பி வரவில்லை. தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

பேதுரு திரும்பி வந்தார். உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயா ஏரிக்கரையில் மீனும் அப்பமும் தயார் செய்து காத்திருந்ததாகச் சொல்கிறது யோவான் நற்செய்தி. அங்கேயும் கரிநெருப்புதான். கிரேக்க மூலத்தில் கரிநெருப்பு என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று தடவை மறுத்தவரிடம் மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார் இயேசு. பழையதைக் கிளறவில்லை. விளக்கம் கேட்கவில்லை. முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி, அதன் பிறகு பொறுப்பு. பேதுரு செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், படகை விட்டு இறங்கிக் கரைக்கு வருவது.

மன்னிப்பு வேறு, வழக்கு வேறு

இந்த இடத்தில் ஒரு தெளிவு தேவை. மன்னிப்பு என்ற பெயரில், அடி வாங்கும் வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்வதும், நடந்த குற்றத்துக்குப் புகார் கொடுக்கவிடாமல் தடுப்பதும் சில குடும்பங்களில் நடக்கிறது. அது மன்னிப்பின் போதனை அல்ல.

ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகள் இல்லத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவரின் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வாகனத்தோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். மகள் எஸ்தருடன் சில ஆண்டுகள் அங்கேயே தங்கி இல்லப் பணியைத் தொடர்ந்தார். அதேசமயம் சட்டம் தன் வழியில் போனது. முக்கியக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு அந்த வழக்கை நிறுத்தவில்லை. அந்த வழக்கு அவருடைய மன்னிப்பைப் பொய்யாக்கவும் இல்லை.

மன்னிப்பு, பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. பாதுகாப்பையும் நீதியையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை. உறவு மறுபடி ஒட்ட வேண்டுமானால் எதிர்த்தரப்பும் மனம் திரும்ப வேண்டும். அதற்கு நாளாகலாம். நடக்காமலும் போகலாம். கசப்பைக் கீழே வைப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

பெட்சி தொடங்கிய இடம் எளிது. புண்படுத்தியவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி வேண்டுதல். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை என்றால் பெயர் மட்டும் போதும். தன் தவறை மறைக்காமல் இறைவனிடம் ஒப்புக்கொள்வது அடுத்தது. கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்ற திருச்சபைகளில் தனிப் பிரார்த்தனையும், ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையும் இருக்கின்றன. ஒப்புக்கொண்ட பிறகு, மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நம்பி எழுந்து போவதுதான் பலருக்கும் கடினமான படி.

கோரி 1983 ஏப்ரல் 15 அன்று, தன் 91-வது பிறந்தநாளில் காலமானார். 80 வயதில்கூட மன்னிப்பது தனக்குப் பழகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நேற்றைய மன்னிப்பைச் சேமித்து வைத்து இன்று செலவழிக்க முடியாது, ஒவ்வொரு நாளும் இறைவனிடம் புதிதாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றே எழுதினார்.

யாரோ ஒருவரின் பெயர் திரையில் தெரிந்தாலே அழைப்பைத் துண்டிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இன்றே அவரை அழைத்துப் பேச வேண்டும் என்பதில்லை. படுக்கப் போகும்முன் அந்தப் பெயரை ஒரு தடவை இறைவன் முன்னால் சொன்னால் போதும். மணி உடனே நிற்காது. ஆனாலும் கயிறு கையை விட்டுப் போயிருக்கும்.